அங்கியைக் களைந்தவர்கள்

எனக்கு முதன்முதலில் அறிமுகமான கத்தோலிக்கப் பாதிரியார், கடவுள் இல்லை என்று எழுதிவைத்துவிட்டு இறந்துபோனவர். ஜீன் மெஸ்லியர் என்பது அவர் பெயர். பிரான்சு நாட்டின் வடகிழக்கே ஒரு சிற்றூரில், 1689 முதல் 1729இல் கண்மூடும் வரையில், நாற்பது ஆண்டுகள் பூசை செய்தார். குழந்தைகளுக்கு ஞானமுழுக்குக் கொடுத்தார். மாண்டவர்களை மந்திரம் சொல்லி மண்ணிலிட்டார். அவர் மறைந்த பின்னர் அவருடைய கையெழுத்துப் படிகள் வெளிப்பட்டன. மதங்கள் யாவும் மன்னரும் குருமாரும் மக்களை அடக்கி ஆளச் செய்துகொண்ட ஏற்பாடு. கடவுள் என ஒருவர் இல்லை. நிலமும் அதன் விளைவும் ஊரார் அனைவர்க்கும் பொதுவாதல் வேண்டும். அந்தப் பெரிய கையெழுத்துச் சுவடியின் சாரம் இதுதான்.

வால்தேர் அதை 1762இல் சுருக்கி அச்சிட்டார். சுருக்கும்போது கடவுள் மறுப்பை நீக்கினார், பொதுவுடைமையையும் நீக்கினார். மாபெரும் பகுத்தறிவாளர்தாம், ஆயினும் பணக்காரர் அல்லவா! நம் நாட்டில் சுயமரியாதை இயக்கத்தார் அந்தப் பாதிரியாரின் மரண சாசனத்தைத் தமிழில் தந்தார்கள். அந்தச் சிறு நூல் எங்கள் ஊர்ப் படிப்பக அலமாரியில், அட்டை கிழிந்து, ஓரம் செல்லரித்துக் கிடந்தது. கல்லூரியில் சேர்ந்த புதிதில் அதைப் படித்தேன். ஒரே இரவில் படித்தேன் என்று சொன்னால் மிகையாகாது. ஒரு மதத்தின் உள்ளே இருந்தவனே அதன் ஓட்டையை எடுத்துக் காட்டுகிறான் என்னும்போது இளம் உள்ளத்துக்கு ஏற்படும் கிளர்ச்சியைத் தோழர்கள் அறிவார்கள். இருநூறு பேர் வெளியே நின்று சொல்வதைவிட, உள்ளே நின்ற ஒருவன் சொல்வதற்கு எடை அதிகம்.

அந்தக் கிளர்ச்சி ஆறாமலே நான் ஆசிரியனானேன். மேடையும் ஏறத் தொடங்கினேன். மே நாளன்று எங்கள் படிப்பகத்தில் நடந்த கூட்டத்தில், மதமும் சமதர்மமும் என்ற தலைப்பில் பேசினேன். காவியானாலும் சரி, கறுப்பு அங்கியானாலும் சரி, வெள்ளை அங்கியானாலும் சரி, முதலாளியின் தலைக்கு வெயில் படாமல் பிடிக்கப்படும் குடைத்துணிதான் அது என்று முழங்கினேன். கை தட்டினார்கள். கை தட்டும் என்று தெரிந்தேதான் அந்த வாசகத்தை வீட்டிலேயே செய்துகொண்டு போயிருந்தேன், ஒளிப்பானேன்!

மறுநாள் பள்ளியில், இடைவேளையின்போது, எங்கள் கணக்காசிரியர் என்னருகே வந்து அமர்ந்தார். ஐம்பத்தைந்து வயதுக்காரர். கத்தோலிக்கர். ஞாயிறுதோறும் தவறாமல் பூசைக்குப் போகிறவர். சம்பள உயர்வுக்கான ஆசிரியர் போராட்டத்திலும் தவறாமல் முன்வரிசையில் நிற்கிறவர். கூட்டத்துக்கு வந்து பின்னால் நின்று கேட்டிருக்கிறார்.

“நன்றாகப் பேசினீர்கள், தம்பி. ஒன்று கேட்கலாமா?”

“கேளுங்கள் சார்.”

“அங்கியைக் கழற்றி வைத்துவிட்டு ஆலைக்குப் போனார்களே, பிரான்சு தேசத்துச் சாமியார்கள், அவர்கள் யாருக்குக் குடை பிடித்தார்கள்?”

எனக்கு விடை தெரியவில்லை. அப்படிச் சிலர் இருந்தார்கள் என்பதே தெரியாது. பிரான்சு என்றால் எனக்குப் புரட்சி தெரியும், பாரிசுக் கம்யூன் தெரியும், மெஸ்லியர் தெரியும். ஆலைக்குப் போன சாமியார்களைத் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை. மணி அடித்தது, தப்பித்தேன். மாலையில் அவரே வீட்டிலிருந்து ஒரு பழைய ஆங்கில நூலைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். ஆன்றி பெரின் என்ற சேசு சபைக் குருவானவர், செருமனியில் தொழிலாளியாக இருந்தபோது எழுதிய நாட்குறிப்பின் மொழிபெயர்ப்பு அது. அதிலே தொடங்கி, கோடை விடுமுறை முழுதும் அதே வேலையாகப் படித்தேன். படித்ததை நம் ஏட்டில் எழுதுவது கடமை என்று தோன்றிற்று. தவறாகப் பேசியவனுக்கு அந்தக் கடமை கூடுதலாகவே உண்டு.

கதை 1943இல் தொடங்குகிறது. பிரான்சை இட்லரின் படை ஆண்டுகொண்டிருந்த காலம். கோதேன், தானியேல் என்ற இரு குருமார் சேர்ந்து ஒரு நூல் எழுதினார்கள். பிரான்சு நாடே மதம் பரப்பவேண்டிய நாடாகிவிட்டதா என்று அதன் பெயரே கேட்டது. பாரிசு நகரைச் சூழ்ந்த ஆலைப் பகுதிகளில் வாழும் பாட்டாளிகளுக்கும் திருச்சபைக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. கோயில் மணியோசை அவர்கள் காதில் விழுகிறது, கருத்தில் விழுவதில்லை என்று அவர்கள் எடுத்துக்காட்டினார்கள். 1542இல் சவேரியார் நம் முத்துக்குளித்துறைக்கு வந்தாரே, ஏசுவை அறியாதார்க்கு அறிவிக்க! நானூறு ஆண்டு கழித்து, அப்படி ஒரு சவேரியார் பாரிசு நகரத்துக்கே தேவைப்பட்டார். பாரிசின் பேராயர் கர்தினால் சுகார்து அந்தக் கையெழுத்துப் படியைப் படித்து அதிர்ந்தார். திருச்சபைக்கும் பாட்டாளிக்கும் இடையே ஒரு மதில் எழுந்து நிற்கிறது என்பதை அவர் உணர்ந்தவர். 1944 சனவரியில் பாரிசு மிஷன் என்ற பெயரால் சில குருமாரை அந்த மதிலுக்கு அப்பால் அனுப்பினார். அந்தத் தொடக்க நாளின் இரவே, நூல் எழுதிய கோதேன் தம் அறையில் கரியடுப்புப் புகையில் மூச்சு முட்டி இறந்தார். சூட்டுக்குக் கரியடுப்பை நம்பிய ஏழைக் குடியிருப்பின் சாவு அது.

இன்னொரு வழியும் அதே காலத்தில் திறந்தது. பிரெஞ்சு இளைஞர்களைச் செருமனியின் ஆலைகளுக்குக் கட்டாய வேலைக்குக் கொண்டுசென்றார்கள். அவர்களுடன் குருமார் செல்ல நாசிகள் இசையவில்லை. ஆகவே சில குருமார், தாம் குருமார் என்பதை மறைத்து, கூலிகளாகப் பெயர் பதிந்து போனார்கள். பெரின் அவர்களில் ஒருவர். இலைப்சிக்கு நகரத்தில் ஆலை வேலை; மறைவில் பூசை; பின்பு கைது, சிறை, நாடு கடத்தல். இவை பற்றித்தான் அந்த நாட்குறிப்பு. அதற்கும் முன்பே, 1941இலேயே, இலேவ் என்ற தோமினிக்கு சபைத் துறவி மார்செயில் துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போய்விட்டார்.

போர் முடிந்த பின் இந்த முயற்சி பரவிற்று. ஏறத்தாழ நூறு பேர். நாட்டின் குருமார் தொகையோடு ஒப்பிட்டால் கடலில் கரைத்த பெருங்காயம். ஆனாலும் அவர்கள் செய்தது சிறு செயலன்று. அங்கியைக் கழற்றினார்கள்; நீலச் சட்டை அணிந்தார்கள். கோயில் மாளிகையை விட்டுக் கூலிக் குடியிருப்பில் அறை எடுத்தார்கள். கடைசல் எந்திரத்தின்முன் நின்றார்கள். கட்டடத்தில் கல் சுமந்தார்கள். கப்பலிலிருந்து சரக்கு இறக்கினார்கள். பகலெல்லாம் உழைத்து, இரவில் அறையிலிருந்த மேசைமேல் பூசை வைத்தார்கள். 1951இல் போர்தோ துறைமுகத்தில் மிஷேல் பவ்ரோ என்ற இளங்குரு சரக்குச் சுமை விழுந்து நசுங்கி மாண்டார். துறைமுகத் தொழிலாளி எப்படிச் சாவானோ அப்படியே செத்தார்.

இங்கே நான் சற்று நிற்கவேண்டும். இவர்கள் எதற்காக அனுப்பப்பட்டார்கள்? பாட்டாளியைச் சபைக்குத் திருப்பிக் கொண்டுவருவதற்காக. நடந்தது என்ன? பாட்டாளி சபைக்கு வரவில்லை. குருமார் பாட்டாளியிடம் சென்றுவிட்டார்கள். ஏன் என்பதைப் புரிந்துகொள்ளப் பெரிய தத்துவம் வேண்டியதில்லை. ஆலையில் ஒரு மாதம் வேலை செய்தால் போதும். கூலி எப்படி வெட்டப்படுகிறது, மேலாள் எப்படிப் பேசுகிறான், விரல் இழந்தவனுக்கு என்ன கிடைக்கிறது என்பதையெல்லாம் வெளியே இருந்து இரக்கப்பட்டுப் பார்ப்பது வேறு. அந்த வரிசையில் தானும் ஒருவனாக நிற்பது வேறு. வேலை நிறுத்தம் வருகிறது. உடன் வேலை செய்பவன் கேட்கிறான்: நீ வருகிறாயா, இல்லையா? செபிக்கிறேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போய் எந்திரத்தை ஓட்டமுடியுமா? பெரும்பாலோர் பொதுத் தொழிலாளர் சம்மேளனத்தில் உறுப்பினரானார்கள். அதை நடத்தியவர்களில் மிகுதியானவர்கள் கம்யூனிஸ்டுகள். படித்தவர் என்பதால், பேசத் தெரிந்தவர் என்பதால், தொழிலாளர்களே சிலரைச் சங்கப் பொறுப்புக்குத் தேர்ந்தெடுத்தார்கள். நம் பெரின் ஆல்ப்சு மலைப்பகுதியில் நீர்மின் திட்ட வேலைக்குப் போய், அங்கே நடந்த வேலை நிறுத்தத்தில் முன்னின்றார்.

ரோமாபுரி இதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

திருச்சபையின் நிலையை நேர்மையாகச் சொல்லவேண்டுமானால், அது பாட்டாளியைப் பற்றிப் பேசாமல் இருந்ததில்லை. பதின்மூன்றாம் சிங்கராயர் என்ற போப்பாண்டவர் 1891இல் விடுத்த சுற்றுமடல், தொழிலாளிக்கு வாழப் போதுமான கூலி வேண்டும், சங்கம் அமைக்க உரிமை வேண்டும் என்று கூறியது. அந்தக் காலத்து முதலாளிகளுக்கு அதுவே கசந்தது. ஆனால் அதே மடல் தனியுடைமை இயற்கை உரிமை என்றது, சமதர்மத்தை மறுத்தது. நாற்பதாண்டு கழித்து, 1931இல், பதினோராம் பத்திநாதர் இன்னும் தெளிவாக எழுதினார்: நல்ல கத்தோலிக்கனாகவும் மெய்யான சமதர்மவாதியாகவும் ஒருவனே இருத்தல் இயலாது என்பது அவர் முடிவு. 1949 சூலையில் ரோமாபுரித் திருமன்றம் ஆணை பிறப்பித்தது: கம்யூனிஸ்டுக் கட்சியில் சேருவோர்க்கும் அதற்குத் துணைநிற்போர்க்கும் சபையின் சடங்குகள் கிடையா, அதன் கொள்கையை ஏற்றுப் பரப்புவோர் சபையினின்று விலக்கப்பட்டவர். அதாவது, பகலெல்லாம் தோளோடு தோள் உரசி வேலை செய்யும் தோழனுக்கு, இரவில் அந்தக் குரு தம் கையால் நன்மை வழங்கக் கூடாது. நூறு குருமாரும் இந்தக் கத்திமுனைமேல்தான் நடந்தார்கள்.

1952 மே 28ஆம் நாள், அமெரிக்கத் தளபதி ரிட்சுவேயின் வருகையை எதிர்த்துப் பாரிசில் பெரும் ஆர்ப்பாட்டம் நடந்தது. போலீசு பிடித்துச் சென்றவர்களில் இருவர் தொழிலாளர் குருமார் என்பது, அவர்கள் நிலையத்தில் அடிபட்ட பிறகுதான் வெளியே தெரிந்தது. ஏடுகள் இரைந்தன. 1953 இலையுதிர்காலத்தில், போப்பின் தூதர் பிரெஞ்சு மேற்றிராணிமாரைக் கூட்டி, இந்த முயற்சியை முடித்துவிடுங்கள் என்று தெரிவித்தார். மூன்று கர்தினால்கள் ரோமாபுரிக்கு ஓடி மன்றாடினார்கள். ஓரளவு தளர்வுதான் கிடைத்தது. 1954 சனவரியில் ஆணை வந்தது: மார்ச்சு முதல் நாளுக்குள் ஆலையை விட்டு வரவேண்டும், உடலுழைப்பு நாளொன்றுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது, சங்கப் பொறுப்புகளைத் துறக்கவேண்டும்.

மூன்று மணி நேரம்! எந்த ஆலை முதலாளி மூன்று மணி நேரத் தொழிலாளியை வைத்துக்கொள்வான்? எழுபத்துமூன்று குருமார் கையெழுத்திட்டு அறிக்கை வெளியிட்டார்கள். மற்றத் தொழிலாளிக்கு இல்லாத சலுகையை ஏற்றுக்கொண்டு தொழிலாளி என்று சொல்லிக்கொள்வது எப்படி என்பது அவர்கள் கேள்வி. மார்ச்சு முதல் நாள் வந்தது. ஏறத்தாழப் பாதிப்பேர் பணிந்தார்கள். பாதிப்பேர் ஆலையிலேயே நின்றுவிட்டார்கள். பணிந்தவர்களைக் கோழைகள் என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. இருபது வயதில் கொடுத்த வாக்கு, தாய் தந்தையின் கண்ணீர், தாம் நம்பிய மறை, எல்லாம் ஒரு பக்கம். உடனுழைத்தவர்களின் முகம் மறுபக்கம். பெரின் அதே ஆண்டு அக்டோபரில் மோட்டார் சைக்கிள் விபத்தில் மாண்டார். அப்போது அவருக்கு வயது நாற்பது.

குருவுக்கு அரசியல் ஆகாது என்று ரோமாபுரி கூறிய காரணத்தை நான் முதலில் ஓரளவு ஏற்றுக்கொண்டேன். கோயில் பூசாரி கட்சிக் கொடி பிடிப்பதை நாமும் விரும்புவதில்லை அல்லவா? ஆனால் நாட்களை வரிசைப்படுத்திப் பார்த்தபோதுதான் உண்மை துலங்கிற்று. பாரிசுக் குருமாரை ஆலையைவிட்டு வெளியே வா என்று சொன்ன அந்த 1953இல், ஆகஸ்டு 27ஆம் நாள், அதே ரோமாபுரி சர்வாதிகாரி பிராங்கோவுடன் உடன்படிக்கை செய்துகொண்டது. பிராங்கோவின் வாளை வாழ்த்துவது அரசியல் அன்று. ஆலைத் தொழிலாளியின் சங்கச் சீட்டை வாங்குவது அரசியல்! இத்தாலியில் 1948ஆம் ஆண்டுத் தேர்தலின்போது கம்யூனிஸ்டுகளுக்கு எதிராகக் கோயில் வாசல்தோறும் வாக்குக் கேட்கப்பட்டதே, அதன் பெயர் என்ன?

1959இல் நடந்தது நமக்கு இன்னும் நெருக்கமானது. அந்த ஆண்டு சூலை 3ஆம் நாள் ரோமாபுரியிலிருந்து கர்தினால் பித்சார்தோ பாரிசுக்கு எழுதிய கடிதம், குருமாரின் ஆலை வேலைக்கு முற்றாகக் கதவடைத்தது. ஆலைச் சூழல் குருவின் வாழ்வுக்கு ஒவ்வாது என்பது அதன் வாதம். அதே சூலை மாதத்தில், நம் மேற்கெல்லைக்கு அப்பால், கேரளத்துத் தெருக்களில், ஆயிரக்கணக்கான கத்தோலிக்கர்களைத் திருச்சபை ஊர்வலமாக அழைத்துச் சென்றுகொண்டிருந்தது. 1957 ஏப்ரலில் மக்கள் வாக்கால் அமைந்த நம்பூதிரிபாடு அமைச்சரவையைக் கவிழ்ப்பதற்காக. விமோசன சமரம் என்று அதற்குப் பெயர். நாயர் சங்கத்தின் மன்னத்து பத்மநாபனும் காங்கிரசும் உடன் நின்றார்கள். சூலை 31ஆம் நாள் அமைச்சரவை கலைக்கப்பட்டது.

போராட்டத்துக்கு மூலகாரணங்களில் ஒன்று கல்வி மசோதா. அதைக் கொண்டுவந்த கல்வி அமைச்சர் சோசப் முண்டசேரி, கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த பேராசிரியர். தனியார் பள்ளி ஆசிரியர்களுக்கு அரசே நேரடியாகச் சம்பளம் கொடுக்கும். அரசு தயாரிக்கும் பட்டியலிலிருந்தே ஆசிரியர்களை அமர்த்தவேண்டும் என்று அந்த மசோதா கூறிற்று. ஆசிரியன் என்ற முறையில் இதை என்னால் ஆறுதலாக எழுதமுடியவில்லை. நான் முதன்முதலில் வேலை பார்த்த தனியார் பள்ளியில், கையெழுத்து ஒரு தொகைக்கு, கையில் வந்தது வேறு தொகை. அதன் நிருவாகி கிறித்துவர் அல்லர். நெற்றி நிறைய நீறு துலங்கும் பெரியவர். வித்தியாசத் தொகை பள்ளி வளர்ச்சிக்கு என்று சொல்வார். பள்ளி வளரவில்லை. ஏழு மாதம் பொறுத்தேன். எட்டாம் மாதம் வேறு இடம் தேடிக்கொண்டேன். அப்போது என் தங்கைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டவேண்டியிருந்தது என்பதையும், அதனால்தான் ஏழு மாதம் வாய்மூடி இருந்தேன் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன். கேரளத்து ஆசிரியர்கள் அந்த நாளில் பட்ட பாடும் இதுவே. அவர்கள் பையில் முழுச் சம்பளம் விழவேண்டும் என்று ஓர் அரசு சட்டம் செய்தபோது, அதைச் சமயத்துக்கு வந்த ஆபத்து என்று மேடைதோறும் முழங்கினார்கள்.

ஆனால் ஒன்று: சிறுபான்மையோர்க்குத் தம் கல்வி நிலையங்களை நடத்த உரிமை உண்டு என்பது அரசியல் சட்டத்தின் 30ஆம் பிரிவு. மசோதாவின் சில பகுதிகள் அதற்கு முரணானவை என்று உச்ச நீதிமன்றமே 1958இல் கூறியது. திருத்தியபின்புதான் ஒப்புதல் கிடைத்தது. ஆகவே அச்சம் முழுதும் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. 1959 சூன் 13ஆம் நாள் அங்கமாலியில் போலீசு சுட்டு ஏழு பேர் இறந்தார்கள்; சுட்டது பாட்டாளி அரசு என்று பெயர் பெற்ற அரசின் போலீசு. இதை நம் மேடைகளில் யாரும் சொல்வதில்லை, நானும் சொன்னதில்லை.

அந்தப் போராட்டத்தின் முன்னணியில் நின்ற ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் விட மனமில்லை. திருச்சூரைச் சேர்ந்த வடக்கன் பாதிரியார். கம்யூனிச எதிர்ப்பையே உயிர்மூச்சாகக் கொண்டவர். அதற்காக அணி கண்டவர். தொழிலாளி என்ற பெயரில் நாளேடு நடத்தியவர். எதிரியை எதிர்ப்பதற்கும் தொழிலாளி என்ற பெயரே தேவைப்பட்டது பாருங்கள்! வெற்றி கிடைத்த பின் அவர் ஏழைக் குடியானவர் பக்கம் திரும்பிப் பார்த்தார். அவர்கள் நிலை மாறவில்லை. மெல்ல மெல்ல அவர் மாறினார். உழவர் தொழிலாளர் கட்சி ஒன்றை அமைத்தார். 1967இல் அதே நம்பூதிரிபாடு மீண்டும் முதலமைச்சரானபோது, அந்த ஏழு கட்சிக் கூட்டணியில் வடக்கனின் கட்சியும் ஒன்று. பாரிசுக் குருமார் ஆலையில் கற்ற பாடத்தை இவர் மலைநாட்டு வயல்களில் கற்றார். மேலிடம் இவரையும் விட்டுவைக்கவில்லை. ஒழுங்கு நடவடிக்கை பாய்ந்தது.

பிறகு நடந்தவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். 1965இல் வத்திக்கான் பொதுச் சங்கம் முடியும் தறுவாயில், ஆறாம் சின்னப்பர் காலத்தில், பிரெஞ்சுக் குருமார் மீண்டும் ஆலைக்குப் போக இசைவு கிடைத்தது. பதினோராண்டுக்கு முன்பு அதே செயலுக்காக வெளியே நிறுத்தப்பட்டவர்கள் அப்போது தலை நரைத்தவர்கள். இலத்தீன் அமெரிக்காவில் இந்த வழக்கு இரத்தத்தால் எழுதப்பட்டது. நிக்கராகுவாப் புரட்சி அரசில் அமைச்சரான கவிஞர் குரு எர்னஸ்தோ கார்தெனலை, 1983இல் விமான நிலையத்தில் மண்டியிட்ட நிலையிலேயே இரண்டாம் அருள் சின்னப்பர் விரல் நீட்டிக் கண்டித்தார்; பின்பு குருப்பணியினின்று நீக்கினார். அதே போப்பாண்டவர் தம் பிறந்த நாடான போலந்தில் ஒருமைப்பாட்டுச் சங்கத்துக்குப் பெருந்துணை. அந்தத் தொழிலாளர்க்கு உரிமை வேண்டியதுதான். அவர்கள் அரசு கம்யூனிஸ்டு அரசு என்பதால் அந்தச் சங்கச் சீட்டு மட்டும் அரசியல் ஆகவில்லை. கார்தெனல்மீதிருந்த தடை 2019இல்தான் நீங்கிற்று. தொண்ணூறைக் கடந்து படுக்கையில் கிடந்தார். மறுஆண்டு மறைந்தார். சல்வதோரில் பேராயர் ரொமேரோ 1980 மார்ச்சு 24ஆம் நாள் பூசை செய்துகொண்டிருக்கும்போதே சுடப்பட்டார். ஏழைகளைச் சுடாதீர்கள் என்று படைவீரர்களை அவர் கேட்டுக்கொண்டதற்கு மறுநாள் அது. அவர் சமதர்மவாதி அல்லர். பழமைப் பற்றுடையவர் என்று நம்பித்தான் பண்ணையார்கள் அவர் நியமனத்தை வரவேற்றார்கள். 2018இல் அவரைப் புனிதர் பட்டியலில் சேர்த்தார்கள். செத்த பிறகு சேர்ப்பதில் எந்த நிறுவனத்துக்கும் சங்கடம் இருப்பதில்லை. நம் தலைவர்களுக்குச் சிலை வைப்பவர்களைப் பார்த்தவர்கள் இதை எளிதில் புரிந்துகொள்வார்கள்.

இவ்வளவும் படித்த பின்பு, திருச்சபை என்னும் நிறுவனத்தைப் பற்றிய என் கருத்து மாறவில்லை. வலுத்திருக்கிறது என்றே சொல்வேன். முன்பு வெறுங்கோபமாக இருந்தது. இப்போது நாளும் ஆண்டும் கையிலிருக்கின்றன. அரசியல் வேண்டாம் என்று அது சொன்னபோதெல்லாம், ஒரு பக்கத்து அரசியல் வேண்டாம் என்றே சொல்லியிருக்கிறது.

என்னை உறுத்துவது வேறொன்று. மீண்டும் மெஸ்லியரிடம் வருகிறேன். என் இளமையின் வீரர் அவர். கடவுள் இல்லை என்று அறிந்தவர். நிலம் பொதுவாக வேண்டும் என்று எண்ணியவர். நாற்பதாண்டுக் காலம் அந்த ஊரின் ஏழைக் குடியானவர்கள் அவர்முன் மண்டியிட்டார்கள். அவர்களிடம் அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் உயிரோடு எரித்திருப்பார்கள் என்பது உண்மை. எனக்குப் பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரான்சில் பிறக்கும் துணிவு கிடையாது, ஆகவே குற்றஞ்சாட்டும் தகுதியும் கிடையாது. எனினும் பெரினைப் பாருங்கள், பவ்ரோவைப் பாருங்கள். அவர்கள் கடைசிவரை நம்பியவர்கள். கன்னி மரியாள், அப்பத்தில் ஆண்டவர், மறுமை, இன்னும் நாம் மடமை என்று ஒதுக்கும் அத்தனையையும் நம்பியவர்கள். ஆனால் ஆலைவாயிலில் வரிசை நின்றபோது எந்தப் பக்கம் நிற்பது என்பதில் அவர்களுக்கு மயக்கம் ஏற்படவில்லை. ஏழு மாதம் குறைந்த சம்பளத்துக்குக் கையெழுத்திட்டு வாய்மூடி இருந்த பகுத்தறிவாளன் நான். அந்த ஏழு மாதமும் மாலைநேரத்தில் மேடையில் முழங்கத்தான் செய்தேன்.

அவர்கள் நம்பிக்கைதான் அவர்களுக்குத் துணிவு தந்ததா? கணக்காசிரியர் அப்படித்தான் சொல்கிறார். நான் ஒப்பவில்லை. நம்பிக்கை ஒன்றே துணிவு தருமானால், ஆணையிட்ட கர்தினால்களுக்கும் அதே நம்பிக்கைதானே இருந்தது! ஆலைதான் அவர்களை ஆக்கியது என்பது என் வாதம். “ஆலையில் ஆயிரம் பேர் இருந்தார்கள், தம்பி. அத்தனை பேருமா சங்கத்தில் முன்னே நின்றார்கள்?” என்று அவர் திருப்பிக் கேட்டார். இரண்டு மாலைகள் இதைப் பேசினோம். தீரவில்லை.

அடுத்த கூட்டத்தில் குடைத்துணி வாசகத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். யாரும் கை தட்டவில்லை. இளைஞர் ஒருவர் எழுந்து, தோழர் மதம் மாறிவிட்டாரா என்று கேட்டார், சிரிப்பு எழுந்தது. இல்லை, படித்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். கூட்டம் முடிந்து நாற்காலிகளை மடக்கும்போது, பின்னால் நின்றிருந்த கணக்காசிரியரிடம் அவருடைய நூலைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார்.

“உங்கள் மெஸ்லியரைக் கொடுங்கள் தம்பி. நானும் படித்துப் பார்க்கவேண்டும்.”

படிப்பக அலமாரியைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். அட்டை இல்லாத நூல் என்பதால் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டார். மூன்று மாதம் ஆகிறது. இன்னும் திருப்பித் தரவில்லை. ஞாயிறு பூசைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறார்.